கியர் நீராவி எஞ்சின் கேபினில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைக்காடுகளில் மரம் இழுப்பதற்காக அமெரிக்காவில் உருவான கியர் வைத்த நீராவி எஞ்சின்கள் மீது எனக்குத் தீராத பிரியம். யாரிடம் இதைப் பற்றிப் பேசினாலும் கேபினில் ஏற விடுவார்களா, பாய்லர் வெடிக்காதா, இவ்வளவு மெதுவாகப் போவதில் என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. அதனால் முதல் சில பதில்களைத் தாண்டிப் போகாமல் படித்துவிடுங்கள்.

கியர் வச்ச ஸ்டீம் எஞ்சின்னா என்ன? எல்லா ஸ்டீம் எஞ்சினும் ஒண்ணுதானே?

இல்லை. வழக்கமான நீராவி எஞ்சினில் பிஸ்டனின் விசை நீளமான இரும்புத் தண்டுகள் வழியாக நேரே பெரிய சக்கரங்களுக்குப் போகிறது. பிஸ்டன் ஒருமுறை போய் வந்தால் சக்கரம் ஒரு சுற்று. கியர் எஞ்சினில் பிஸ்டன்கள் முதலில் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டைச் சுழற்றுகின்றன. அந்த ஷாஃப்ட் எஞ்சினின் நீளத்துக்கு ஓடி, பற்சக்கரங்கள் வழியாகச் சிறிய சக்கரங்களைத் திருப்புகிறது. பல எஞ்சின்களில் ஷாஃப்ட் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதன் ஆரம்பம் மிச்சிகன் மாநிலத்துக் காடுகளில். எஃப்ரெய்ம் ஷே என்பவர் அங்கே மரம் வெட்டும் தொழில் நடத்தினார். பனிக்காலத்தில் மட்டும் சறுக்குவண்டியில் மரத்தை இழுத்துக்கொண்டிருந்தால் தொழில் ஓடாது என்று மரத் தண்டவாளம் போட்டு எஞ்சின் ஓட்டிப் பார்த்தார். பல மாற்றங்களுக்குப் பிறகு 1880இல் ஒஹையோ மாநிலம் லைமா நகரத்துத் தொழிற்சாலை அவருடைய வடிவமைப்பில் எஞ்சின் கட்டியது. 1881இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1945 வரை 2,700க்கும் மேற்பட்ட ஷே எஞ்சின்கள் வந்தன.

அப்போ இது ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரத்துல ஏறுறதா?

அது வேறு, இது வேறு. நீலகிரி மலை ரயிலில் செங்குத்தான பகுதியில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. கியர் எஞ்சினில் பற்சக்கரம் எல்லாம் எஞ்சினுக்குள்ளேயே முடிந்துவிடும். தரையில் இருப்பது சாதாரண வழவழப்பான தண்டவாளம்தான். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்வை மட்டும் நம்பி ஏறுகிறது.

உராய்வை மட்டும் நம்பி எப்படி மலை ஏறும்? பெரிய எஞ்சினா ஒண்ணு போட்டா போதாதா?

இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். சக்கரம் வழுக்காமல் இழுக்கக்கூடிய விசை, விசை பாயும் சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் சுமார் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 80 டன் எடையுள்ள கியர் எஞ்சினில் எல்லாச் சக்கரமும் விசைச் சக்கரம். தண்ணீர்த் தொட்டிக்கும் நிலக்கரிக்கும் கீழே இருக்கும் சக்கரங்களுக்குக்கூட ஷாஃப்ட் போகிறது. ஆக 80 டன்னும் வேலை செய்கிறது. 20 டன் இழுவை கிடைக்கிறது. நூறு அடிக்குப் பத்து அடி உயரும் ஏற்றத்தில் எஞ்சின் தன்னையே தூக்கிக்கொள்ள 8 டன் போய்விடும். மீதி 12 டன்னை வைத்து நூறு டன் எடையுள்ள வண்டிகளைத் தள்ளிவிடலாம்.

அதே 80 டன்னில் வழக்கமான எஞ்சினும், கரியும் தண்ணீரும் சுமக்கும் அதன் பின்வண்டியும் சேர்ந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விசைச் சக்கரங்களின் மேல் 45 டன்தான் இருக்கும் என்றால் இழுவை 11 டன். தன்னைத் தூக்க 8 டன் போனால் மீதி மூன்று. முப்பது டன்கூடச் சிரமம். எஞ்சினைப் பெரிதாக்கினால் எடையும் கூடவே ஏறும். அதோடு, மரம் வெட்டும் இடம் நகர நகரப் பிடுங்கி வேறு இடத்தில் போடும் கோணல்மாணல் தண்டவாளத்தில் நீளமான எஞ்சின் வளையவே வளையாது.

ஷே, கிளைமாக்ஸ், ஹைஸ்லர்னு மூணு பேர் சொல்றாங்களே, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

பிஸ்டன் ஓடும் உருளையான சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஷேயில் எல்லா சிலிண்டர்களும் எஞ்சினின் வலப்பக்கத்தில் கேபினுக்குச் சற்று முன்னால் செங்குத்தாக நிற்கும், பெரும்பாலும் மூன்று. ஷாஃப்டும் பற்சக்கரங்களும் அதே வலப்பக்கத்தில் வெளியே தெரியும். கிளைமாக்ஸில் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர், சாய்வாக. ஷாஃப்ட் அடியில் நடுவே ஓடும். ஹைஸ்லரில் பாய்லருக்கு அடியில் இரண்டு சிலிண்டர்கள் இருபுறமிருந்தும் சாய்ந்து ஒன்றை ஒன்று நோக்கி நிற்கும். ஷாஃப்ட் ஒவ்வொரு போகியிலும் (சக்கரங்களைத் தாங்கித் தனியே திரும்பும் சட்டம்) ஓர் அச்சை மட்டும் திருப்ப, அடுத்த அச்சுக்கு வெளியே ஒரு தண்டு விசையைக் கொண்டுபோகும்.

கிளைமாக்ஸும் ஹைஸ்லரும் பென்சில்வேனியாவில் பிறந்தவை. முதலாவது கோரி ஊரில், இரண்டாவது ஈரி நகரத்தில். மூன்றில் வேகமானது ஹைஸ்லர். கேபினில் உடம்பைக் குலுக்குவதில் கிளைமாக்ஸுக்கே முதலிடம் என்று சொல்வார்கள்.

இதெல்லாம் இன்னும் எங்கயாவது ஓடுதா, மியூசியத்துலதான் இருக்கா?

ஓடுகின்றன. முதலில் சொல்ல வேண்டியது மேற்கு வர்ஜீனியாவின் காஸ். 1901இல் மரத் தொழிலுக்காகத் தொடங்கிய தடம். 1960இல் மர ஆலை மூடியதும் பழைய இரும்பாகப் போக இருந்ததை மாநில அரசு வாங்கி, 1963இல் பயணிகளுக்குத் திறந்தது. 1905இல் அங்கே வந்த ஐந்தாம் எண் ஷே நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அதே மலையில் வேலை பார்த்தது. உலகில் கடைசியாகக் கட்டிய ஷேயும் அங்கேதான் இருக்கிறது: 1945இல் வந்த ஆறாம் எண், 162 டன். தடம் போய்ச் சேரும் பால்ட் நாப் சிகரம் 4,842 அடி. சில இடங்களில் ஏற்றம் நூற்றுக்குப் பதினொன்று.

கலிஃபோர்னியாவில் ஃபெல்டன் ஊரின் ரோரிங் கேம்ப் தடத்தில் 1912இல் கட்டிய டிக்ஸியானா என்ற ஷேயும், 1899இல் கட்டிய டுவாலமி என்ற ஹைஸ்லரும் உண்டு. ரெட்வுட் என்ற ராட்சத மரங்களுக்கு நடுவே போகும் தடம் அது. அதே மாநிலத்தில் யோசெமிட்டிக்குத் தெற்கே ஃபிஷ் கேம்ப்பிலும் ஷேக்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பஃபிங் பில்லி ரயில்வேயில் 1928இல் கட்டிய ஒரு கிளைமாக்ஸ், பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2013இல் மறுபடி ஓடத் தொடங்கியது. தைவானின் அலிஷான் மலைத் தடத்துக்கு ஷேக்கள்தான் முகம். சிலவற்றைப் பேணிக் காத்து வைத்திருக்கிறார்கள். பழைய எஞ்சின்கள் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்பது வழக்கம். அதனால் நீங்கள் போகும் நாளில் எந்த எஞ்சின் வெளியே வருகிறது என்று அந்தந்த ரயில்வேயிடமே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேபின்ல யார் வேணும்னாலும் ஏறிடலாமா?

முடியாது. கேபின் ஒரு வேலையிடம். சில ரயில்வேக்கள் கேபின் பயணத்துக்குத் தனிச் சீட்டு விற்கின்றன. ஒரு தடவைக்கு ஒருவர் அல்லது இருவர்தான். சில இடங்களில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் விடுவார்கள். வேறு சில இடங்களில் ஊழியர்களைத் தவிர யாருக்கும் அனுமதியே இல்லை. எங்கே அனுமதித்தாலும் வயது வரம்பு இருக்கும், பொறுப்பு ஏற்கும் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கைப்பிடி பிடித்து உயரமான இரும்புப் படிகளில் ஏறி இறங்க உடம்பு ஒத்துழைக்க வேண்டும்.

டிரைவரிடம் கெஞ்சிக் கேட்டு நடுவழியில் ஏறப் பார்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் சரி என்றால் அவருடைய வேலைக்கே ஆபத்து. முறையாகக் கேட்டு, இல்லை என்றால் முதல் பெட்டியில் எஞ்சினுக்கு அருகே உட்காருங்கள். சத்தமும் வாசனையும் அங்கேயும் நன்றாகவே கிடைக்கும்.

என்ன டிரஸ் போட்டுட்டுப் போகணும்?

பருத்தி. முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், மூடிய தோல் ஷூ. நைலான், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். ஒரு நெருப்புத் துகள் பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். புகைபோக்கியில் இருந்து வரும் கரித்துகள் ஜன்னல் வழியாக நேரே முகத்துக்கு வரும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்கு அதைக் கழற்றிவிடுவது நல்லது. காதுக்கு அடைப்பான் கொண்டுபோங்கள். தொங்கும் சால்வை, நீண்ட சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் அது திரும்ப வெள்ளையாகாது.

உள்ள எவ்ளோ சூடா இருக்கும்? தாங்க முடியுமா?

தாங்கலாம். ஆனால் சூடு ஒரே சீராக இருக்காது. உலைக்கதவு மூடியிருக்கும்போது பாய்லரின் பின்புறத் தகட்டில் இருந்து நிதானமான வெப்பம் வரும். நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன் கதவைத் திறந்த நொடியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும் நெருப்பின் கதிர்வீச்சு முகத்திலும் முழங்காலிலும் அறையும். மூடியதும் மலைக்காற்று முதுகில் படும். முன்பக்கம் வேகவும் பின்பக்கம் குளிரவும் செய்யும் இந்த நிலை பயணம் முழுக்கத் தொடரும். ஏறுவதற்கு முன்பே நிறையத் தண்ணீர் குடித்துவிடுங்கள். கழிவறைக்கும் போய்விட்டு வாருங்கள். நடுவில் இறங்க வழியில்லை.

எங்க நிக்கணும்? எதையாவது தொட்டுட்டா?

டிரைவர் வலப்பக்கம், ஃபயர்மேன் இடப்பக்கம். உங்களுக்கு அவர்கள் காட்டும் இடம்தான் இடம். கரண்டி நிலக்கரிக் குவியலில் இருந்து உலைக்கதவுக்குப் போய்வரும் பாதையில் எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள். எதைத் தொட வேண்டாம் என்று பட்டியல் போடுவதைவிட, பிடித்துக்கொள்ளச் சொன்ன கைப்பிடியைத் தவிர எல்லாமே சுடும் என்று நினைத்துக்கொள்வது பாதுகாப்பு. பளபளக்கும் செம்புக் குழாய்கள்தான் கையை இழுக்கும். அவற்றில் ஓடுவது நீராவி. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டும் முன் கேட்டுவிடுங்கள். காட்டுத் தடங்களில் மரக்கிளையும் பாறையும் மிக அருகில் வரும்.

சத்தத்தைக் கேட்டா அறுபது எழுபதுல பறக்குற மாதிரி இருக்கு, வெளிய பார்த்தா நடந்தே முந்திடலாம் போல இருக்கு. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒவ்வொரு சிலிண்டரும் ஷாஃப்ட் ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு முறை நீராவியை வெளியே தள்ளும். மூன்று சிலிண்டர் ஷேயில் அது ஆறு. ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்பதால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு 'சஃப்'. வழக்கமான இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இது நான்குதான்.

இப்போது 36 அங்குலச் சக்கரம் கொண்ட ஷே மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது சஃப் கேட்கும். ஐந்தடிச் சக்கரம் கொண்ட வழக்கமான எஞ்சின் அதே வேகத்தில் மூச்சுவிட வேண்டுமானால் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் ஓட வேண்டும். காது நாற்பது என்கிறது, கண் எட்டு என்கிறது. வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் மூன்று கிராங்கும் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த கைகள்) தையல் மெஷின் மாதிரி விடாமல் மேலும் கீழும் குத்திக்கொண்டிருக்கும். வேகம் வேண்டும் என்று வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கோ, ஓர் இயந்திரம் தன் முழு பலத்தையும் நிதானமாகச் செலவழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

ஃபயர்மேன் வேலை கரி அள்ளிப் போடுறது மட்டும்தானே?

கரி அள்ளுவது அவருடைய வேலையில் கண்ணுக்குத் தெரியும் பாதி. மீதிப் பாதி கணிப்பு. நெருப்புப் படுகை எங்கும் மெல்லியதாக, சமமாக, வெளிச்சமாக இருக்க வேண்டும். எங்கே ஓட்டை விழுந்திருக்கிறதோ அங்கே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். போட்டதும் புகைபோக்கியைப் பார்ப்பார். கறுப்புப் புகை நெடுநேரம் நின்றால் கரி வீணாகிறது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் காற்று அதிகம். லேசான சாம்பல் நிறம்தான் அவர் தேடுவது.

இன்னொரு பக்கம் தண்ணீர். பாய்லருக்குள் தண்ணீர் அனுப்பும் இன்ஜெக்டர் என்ற கருவி, அதே பாய்லரின் நீராவியை வைத்து அதே பாய்லரின் அழுத்தத்துக்கு எதிராகத் தண்ணீரைத் தள்ளுகிறது. வால்வைத் திறந்ததும் ஒரு கீச்சொலி, அப்புறம் சீரான ரீங்காரம். அது பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஆனால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் அழுத்தம் இறங்கும். அதிகம் விட்டால் ஏற்றத்தின் நடுவில் நீராவி போதாது, குறைவாக விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. அடுத்த ஏற்றம் எங்கே, டிரைவர் எப்போது ரெகுலேட்டரை (சிலிண்டர்களுக்கு நீராவி விடும் வால்வு) திறப்பார் என்று ஐந்து நிமிடம் முன்னதாகவே யோசித்துக்கொண்டிருப்பவர் அவர். கேபினில் ஏறினால் அவருடைய கைகளைவிடக் கண்களைக் கவனியுங்கள்: அழுத்தமானி, நீர்மட்டக் கண்ணாடி, நெருப்பு, புகை, மறுபடி அழுத்தமானி.

சில எஞ்சின்ல கரியே காணோமே, எண்ணெய்ல ஓடுதா?

ஆமாம். கலிஃபோர்னியாவின் தடங்களில் எண்ணெய் எரிக்கும் எஞ்சின்கள் சாதாரணம். வறண்ட காட்டில் நெருப்புத் துகள் பறக்கக்கூடாது என்பது முக்கியக் காரணம். கரண்டிக்குப் பதில் வால்வுகள். டிரைவர் ரெகுலேட்டரைத் தொட்ட அதே கணத்தில் ஃபயர்மேனும் எண்ணெய் வால்வைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் கறுப்புப் புகை. அவ்வப்போது அவர் ஒரு கை மணலை உலைக்குள் வீசுவார்; அது பாய்லர் குழாய்களில் படிந்த கரியைச் சுரண்டிக்கொண்டு புகைபோக்கி வழியாக வெளியேறும். அந்த நேரத்துக் கரும்புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எஞ்சின் ஏன் பின்னாடி இருந்து தள்ளுது? முன்னாடி மாட்டி இழுக்கக்கூடாதா?

செங்குத்தான தடத்தில் எஞ்சின் பள்ளத்துப் பக்கம் இருப்பது பாதுகாப்பு. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் மலையில் உருண்டு போகாமல் எஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்கும். பெட்டிகளில் இருப்பவர்களுக்குப் புகையும் குறைவு.

காஸ் தடத்தில் இரண்டு இடங்களில் தடம் இசட் எழுத்துப் போல மடங்குகிறது. மேலே தள்ளிக்கொண்டு போய் நிற்பார்கள், வழி மாற்றிவிட்டு எதிர்த்திசையில் ஏறுவார்கள், மறுபடி மாற்றுவார்கள். நடுவில் உள்ள துண்டில் மட்டும் எஞ்சின் பின்னோக்கி இழுத்துக்கொண்டு ஏறும். ரோரிங் கேம்ப்பிலும் இப்படி ஒரு மடிப்பு உண்டு. 1976இல் தீயில் எரிந்துபோன சுழல் மரப்பாலத்துக்குப் பதிலாகப் போட்டது. இங்கெல்லாம் விசிலைக் கவனியுங்கள். இரண்டு நீண்ட ஒலி என்றால் பிரேக்கை விட்டுக் கிளம்புகிறோம், நின்ற நிலையில் மூன்று குட்டை ஒலி என்றால் பின்னால் வருகிறோம். தலைக்கு மேலேயே அடிக்கும். காது அடைப்பானை அதற்காகத்தான் சொன்னேன்.

அந்தக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி திடீர்னு ஏறுது, இறங்குது. ஏதோ தப்பா போகுதா?

பெரும்பாலும் இல்லை, மலையின் சாய்வுதான் அப்படிக் காட்டுகிறது. பாய்லர் சாய்ந்தாலும் தண்ணீர் சமமட்டத்திலேயே நிற்கும். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் பாய்லரின் ஒவ்வொரு பத்தடி நீளத்துக்கும் ஓர் அடி மட்ட வித்தியாசம் வரும். எஞ்சினின் மூக்கு மேலே பார்த்து ஏறும்போது தண்ணீர் பின்பக்கம், அதாவது உலை இருக்கும் கேபின் பக்கம் சேரும். கண்ணாடியும் அங்கேதான் இருப்பதால் நிறையத் தண்ணீர் இருப்பது போலத் தெரியும். தடம் சமமானதும், அல்லது மூக்கு கீழே சாய்ந்ததும், தண்ணீர் முன்னால் ஓடிவிடும். கண்ணாடியில் மட்டம் சரசரவென்று இறங்கும்.

அதனால்தான் நல்ல ஃபயர்மேன் இப்போது கண்ணாடி காட்டுவதை நம்பி ஓட்டுவதில்லை. அடுத்த வளைவில், அடுத்த மேட்டில் அது என்ன காட்டும் என்று தெரிந்துவைத்து அதற்கேற்ப முன்கூட்டியே தண்ணீர் விடுவார். மலையை மனப்பாடம் செய்யாமல் இந்த எஞ்சினில் நெருப்பு போட முடியாது.

நேரா கேக்குறேன், பாய்லர் வெடிக்குமா?

கேள்வி நியாயமானது. பாய்லரில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தம் என்றால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 198 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அழுத்தம் மட்டுமே அதைத் தண்ணீராக வைத்திருக்கிறது. உலையின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே சொன்ன மட்டம் மிகவும் இறங்கி அந்தத் தகடு வெளியே தெரிந்தால், நெருப்பில் பழுத்து வலுவிழந்து கிழியும். அப்போது தண்ணீர் ஒரே கணத்தில் நீராவியாக விரியும். பழைய பாய்லர் வெடிப்புகளில் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

அண்மைக் காலத்தில் நடந்ததும் உண்டு. 1995 ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ரயில்வேயில், கியர் இல்லாத வழக்கமான எஞ்சின் ஒன்றில், தண்ணீர் குறைந்து கூரைத் தகடு கிழிந்தது. கேபினில் இருந்த மூன்று பேருக்குத் தீக்காயம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. நீராவி எஞ்சின்களுக்கான விதிகளும் திருத்தப்பட்டு 2000இல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளின்படி 1,472 வேலை நாட்களுக்கு ஒருமுறை, அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரைக் கிட்டத்தட்ட முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். முறையாகப் பராமரித்த எஞ்சினில், கவனமான ஆட்களோடு ஏறுவதற்கு நான் தயங்கமாட்டேன். ஆனால் ஃபயர்மேன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கவும் மாட்டேன்.

ஷேல எல்லா மெஷினும் ஒரே பக்கம் இருக்கே, கவிழ்ந்துடாதா? வளைவுல ஷாஃப்ட் உடையாதா?

வலப்பக்கத்து எடையைச் சமன்செய்ய பாய்லரையே நடுவில் இருந்து இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நேரே முன்னால் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ விபத்தில் நகர்ந்துவிட்டதோ என்று கேட்பார்கள்.

ஷாஃப்ட் ஒரே துண்டு அல்ல. இடையிடையே எந்தப் பக்கமும் வளையும் மூட்டுகளும், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் கூடிய சதுரக் குழாய்களும் உண்டு. வலப்பக்கம் வளையும்போது போகிகள் நெருங்கி ஷாஃப்ட் குறுகும். இடப்பக்கம் வளையும்போது நீளும். கேபினில் வலது ஜன்னல் கிடைத்தால் கீழே பாருங்கள், இந்த நீளலும் குறுகலும் கண்முன்னே நடக்கும்.

சக்கரம் வழுக்கினா என்ன ஆகும்?

ஈர இலை, பனி, எண்ணெய் எதுவானாலும் வழுக்கும். எல்லாச் சக்கரமும் ஒரே ஷாஃப்டில் பிணைந்திருப்பதால் வழுக்கினால் எல்லாம் சேர்ந்துதான் வழுக்கும். சத்தம் திடீரென்று பாய்ந்து ஓடும், வண்டி அப்படியே நிற்கும். டிரைவர் ரெகுலேட்டரை உடனே குறைத்து, தண்டவாளத்தில் மணல் தூவி, மெதுவாக மறுபடி திறப்பார்.

இறங்கும்போது வேலை இல்லைதானே, சும்மா உருண்டு வந்துடும்?

ஏறும்போது தவறு செய்தால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது தவறு செய்தால் நிற்காது. டிரைவரின் முழுத் திறமையும் தேவைப்படுவது இறக்கத்தில்தான். காற்று பிரேக்கை அடிக்கடி போட்டு எடுத்தால் சேமித்து வைத்த காற்று தீர்ந்துபோகும் அபாயம் உண்டு. அதனால் உச்சியிலேயே பெட்டிகளில் உள்ள தாங்கு வால்வுகளைத் திருப்பி, பிரேக்கில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் பிடித்திருக்கும்படி செய்வது மலைத் தடங்களின் பழைய வழக்கம். ஏறிய அதே நடை வேகத்தில்தான் இறங்குவார்கள். பிரேக் கட்டைகள் சூடேறி வரும் வாசனை இயல்பானது. இந்த நேரத்தில் டிரைவரிடம் கேள்வி கேட்காதீர்கள்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம், கேட்டுவிட்டு. கேமராவைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ பட்டையோடு மாட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், உலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் கூசும். உலைக்கதவு திறப்பது சில நொடிதான் என்பதால் வெளிச்ச அளவை முன்பே சரிசெய்து வைப்பது நல்லது. சத்தத்தை மட்டும் பதிவு செய்வது படத்தைவிட நல்ல பலன் தரும் என்பது என் அனுபவம்.

நானே ஓட்டிப் பார்க்க முடியுமா?

சில பாரம்பரிய ரயில்வேக்கள் டிரைவர் மேற்பார்வையில் சிறிது தூரம் ரெகுலேட்டரைப் பிடிக்க விடும் நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. பெரும்பாலும் சமதளத்தில், வழக்கமான எஞ்சின்களில். செங்குத்தான தடத்தில் கியர் எஞ்சினை விருந்தாளி கையில் கொடுக்கமாட்டார்கள். ஏன் என்பதற்கு இறக்கம் பற்றிய பதிலே போதும். உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஆசை என்றால் தன்னார்வலராகச் சேருங்கள். பல ரயில்வேக்களில் எஞ்சின் துடைப்பதில் தொடங்கி, ஃபயர்மேனாகி, பல வருடம் கழித்து வலப்பக்க இருக்கைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும்னா எந்த எஞ்சின், எந்தப் பக்கம்?

நிலக்கரி எரிக்கும் மூன்று சிலிண்டர் ஷே. கூட்டம் குறைந்த இலையுதிர்கால வாரநாள் கிடைத்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த காற்றில் நீராவி வெள்ளையாகத் திரண்டு நிற்கும். பக்கம் மாற விட்டால் ஏறும்போது ஃபயர்மேன் பக்கமும் இறங்கும்போது டிரைவர் பக்கமும் கேளுங்கள். ஒரு பக்கம்தான் என்றால் கிராங்குகள் தெரியும் வலப்பக்கத்தைத்தான் பலரும் சொல்வார்கள். நான் இடப்பக்கத்தைச் சொல்வேன். கிராங்குகளை நிலையத்தில் கீழே நின்றும் பார்க்கலாம். ஏற்றத்தின் நடுவில் கண்ணாடியில் இறங்கும் தண்ணீரையும், அதற்கு முன்பே இன்ஜெக்டருக்குப் போகும் அந்தக் கையையும் வேறு எங்கிருந்தும் பார்க்க முடியாது.